பருவம் முடியுமுன் பட்டியல்: மட்டக்குளிக் கணிப்பு மரபு பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நாடகம் முடிந்த பிறகு அது நன்றாயிருந்ததா என்று சொல்வது விமர்சனம். முடியுமுன் எழுந்து போவதும் ஒரு வகை விமர்சனமே. நாடகம் மேடையேறுமுன், சில வேளை அது எழுதப்படுமுன்னரே, அவ்வாண்டின் சிறந்த நடிகர் விருதுக்கு யார் யார் பெயர் பரிந்துரைக்கப்படும் என்று அடித்துச் சொல்வது மூன்றாவது கலை. முதலாவதற்குப் பல்கலைக்கழகங்களில் துறை உண்டு. நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பரீட்சைக்கே ஒரு பாடம். மூன்றாவதற்கு இதுவரை ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்படவில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வின் எல்லை கொழும்பு 15. களனி கங்கை கடலோடு சேரும் இடத்துக்கும் காக்கைதீவுக் கடற்கரைக்கும் பக்கத்தில் உள்ள மட்டக்குளியில், ஃபாம் வீதியை அண்டிய ஒரு சலூன், ஒரு தேத்தண்ணிக் கடை, 155ஆம் இலக்க பஸ்ஸின் பின்சீட் ஆகிய மூன்றும் களங்களாகக் கொள்ளப்பட்டன. மாதிரியின் அளவு, ஒரு வாங்கில் நெருங்கி உட்காரக்கூடியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றுகொண்டு கருத்துச் சொல்பவர்களும் சேர்க்கப்பட்டனர்.

2. முன்னோர் நிலை

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்சில் நாடகப் போட்டிக்குப் பத்து நடுவர்கள். பத்துப் பேரும் தீர்ப்பை எழுதிப் பாத்திரத்தில் போட, அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்து எண்ணினார்கள். ஆகவே நடுவரைத் தெரிந்து வைத்திருந்தும் பயனில்லை. எந்த ஐந்து கையில் அகப்படும் என்பது தெரிய வேண்டும். இன்றைக்கும் உலகமெங்கும் நடிக்கப்படும் ஈடிப்பஸ் மன்னனை எழுதிய சொபோக்கிளிசுக்கு அந்தப் போட்டியில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது என்பது பழைய குறிப்பு. முதலிடம் பெற்றவர் பிலோக்கிளிஸ். அவருடைய நாடகம் ஒன்றாவது முழுதாக மிஞ்சவில்லை. அன்றைக்கு ஏதென்ஸ் சந்தையில் நின்று, “எழுதி வச்சுக்கங்க, பிலோக்கிளிஸ்தான்” என்று ஒருவர் சொல்லியிருந்தால், அவரை நம் மரபின் மூல ஆசான் எனக் கொள்ளத் தடையில்லை.

புகார் நகரத்து நிலை வேறு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், ஏழாண்டு பயின்ற மாதவி பன்னிரண்டு வயதில் சோழ மன்னன் முன் ஆடி, தலைக்கோலி என்ற பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மதிப்பும் பெறுகிறாள். போட்டியாளர் ஒருவர், நடுவர் ஒருவர், பருவம் ஒரே பொழுது. அரங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கோல் கணக்கில் தருகிறது அந்தக் காதை. ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் எல்லோருக்கும் இலக்கணம் வகுக்கிறது. கணிப்பாளனுக்கு மட்டும் இலக்கணம் சொல்லவில்லை. அவனுக்கு அங்கே வேலை இருக்கவில்லை என்பதே காரணம்.

நம் நாட்டில் இந்த வேலை பெருகியது கலைக்கழகக் காலத்தில். பேராசிரியர் சு. வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய நாட்களில் கூத்துப் போட்டிகள் நடந்தன, அண்ணாவிமார் கௌரவிக்கப்பட்டனர். போட்டி என்று வந்ததும் நடுவர் வந்தார். நடுவர் வந்ததும், அவர் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்பவரும் வந்துவிட்டார்.

3. பருவம் என்னும் சிக்கல்

“பருவம் முடியுமுன்” என்றால், முதலில் பருவம் ஒன்று இருக்க வேண்டும். நியூயோர்க்கில் அது சட்டம். 1947 முதல் வழங்கப்படும் டோனி விருதுக்கு, ஐந்நூறு இருக்கைக்குக் குறையாத 41 பிராட்வே அரங்குகளில் ஒன்றில், பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் விழும் ஒரு தேதிக்குள் முறைப்படி திறந்த நாடகமே தகுதி பெறும். பெயர் பரிந்துரைக்கும் குழுவினர் தகுதி பெற்ற அத்தனையையும் பார்த்தாக வேண்டும். நடுவர் மனதில் சூடு ஆறுமுன் பட்டியல் வரட்டும் என்று தயாரிப்பாளர்கள் மார்ச்சிலும் ஏப்ரலிலும் முண்டியடிக்கிறார்கள். விருது கிடைத்தால் டிக்கெட் விற்கும். பட்டியலிலேயே பெயர் வராவிட்டால் பல நாடகங்களுக்கு மூடுவிழாதான்.

மட்டக்குளியில் அப்படியொரு தேதி இல்லை. தைப்பொங்கல், ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள், ஆடிவேல், நத்தார் என்று காலம் அளக்கப்படுகிறது. பாடசாலைப் பிள்ளைகளின் தமிழ்த்தினப் போட்டி கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படியேறும். கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் நாடக விழாவுக்கு முதற்சுற்றுத் தெரிவு ஒரு பக்கம். சங்கங்களின் ஆண்டு விழாக்கள் இன்னொரு பக்கம். ஒன்று முடியுமுன் மற்றது தொடங்குவதால், எந்த நாளில் சொன்ன கணிப்பும் ஏதோவொரு பருவம் முடியுமுன் சொன்னதாகவே அமையும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. 1956 நவம்பர் 3ஆம் திகதி லயனல் வென்ட் அரங்கில் முதன்முதலாக மேடையேறிய சரச்சந்திரவின் சிங்கள நாடகமான ‘மனமே’ தலைமுறை தலைமுறையாக நடிக்கப்பட்டு வருகிறது. கொழும்புத் தமிழ் நாடகமோ பெரும்பாலும் ஒருநாள் நாடகம். 1978இல் தொடங்கிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் போல ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்ப மேடையேற்றியவர்கள் உண்டு, அவர்கள் விதிவிலக்கு. மற்றவர்களுக்கு மண்டப வாடகை, ஒலி, ஒளி, ஒப்பனை, சீன் ஏற்றிவரும் லொறி எல்லாம் சேர்ந்து ஓர் இரவுக்குத்தான் கட்டுப்படியாகும். மாதக்கணக்கில் ஒத்திகை, ஒரு மாலை மேடையேற்றம், அடுத்த நாள் கடன் கணக்கு.

அந்த ஒரு மாலையும் மட்டக்குளியாருக்கு முழுதாக வாய்ப்பதில்லை. மண்டபம் பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ இருக்கும். நகரத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் போக வேண்டும். ஐந்தரைக்கு என்று அழைப்பிதழில் அச்சடித்த நாடகம், மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, பிரதம அதிதி உரை, பொன்னாடை ஆகியவற்றைத் தாண்டி ஏழு மணிக்குத் திரை விலகும். கடைசிக் காட்சிக்கும் கடைசி பஸ்ஸுக்கும் ஒரே நேரம். எனவே எமது கணிப்பாளர் பருவம் முடியுமுன் மட்டுமல்ல, நாடகமே முடியுமுன் கணிக்கும் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறார்.

4. கணிப்போர் வகை

அ. பார்த்தோர். இவர்கள் கடை நிலையினர். பார்த்துவிட்டதால் இவர்களுக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்கும். அது கணிப்பைக் கெடுக்கும்.

ஆ. ஒத்திகை கண்டோர். கோயில் மண்டபத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர்கள். உடுப்பும் ஒளியும் இல்லாத நிலையில் நடிகரைக் கண்டதால், “ஆள் வசனம் மறக்கிறான், ஆனா மறந்த இடத்துலதான் நல்லா நடிக்கிறான்” போன்ற நுண்ணிய முடிவுகள் இவர்களிடம் கிடைக்கும்.

இ. உறவுமுறையார். நடிகரின் மச்சான், ஒப்பனைக்காரரின் சித்தப்பா. இவர்களின் பட்டியலில் ஓர் இடம் எப்போதும் நிரம்பியே இருக்கும்.

ஈ. நடுவர் நூலோர். நாடகத்தில் இவர்களுக்கு அக்கறை இல்லை. வாங்கின் வலது ஓரத்துக்கு உரியவரான, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து இளைப்பாறிய யாழ்ப்பாணத்து ஐயா இவ்வகைக்குத் தலைவர். “நடுவர் ஆரெண்டு சொல்லும், பரிசு ஆருக்கெண்டு நான் சொல்லுறன்” என்பது அவரது சூத்திரம்.

உ. யாதும் காணாதோர். தலைநிலையினர். சலூன் உரிமையாளர் இவ்வகை. கண்ணாடியின் ஓரத்தில், போன மாதத்து நாட்காட்டித் தாளின் பின்புறம் அவரது பட்டியல் செருகப்பட்டிருக்கும். சிறந்த நடிகர் என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர். நான்காவதில் ஒரு கோடு. “அந்தக் கோடு யாருண்ணே?” என்று இவ்வாய்வாளர் கேட்டார்.

“அது இன்னும் ஒத்திகை தொடங்காத நாடகம், தம்பி.”

“தொடங்கவே இல்லையே, எப்படிச் சொல்றீங்க?”

கத்தி காதோரத்தில் நின்றது. “மேடை ஏறின பிறகு சொல்றதுக்கு நான் எதுக்கு? அதுக்குப் பேப்பர்காரன் இருக்கான்.”

5. கண்டறியப்பட்ட விதிகள்

முதல் விதி, பவுடர் விதி. இருபத்திரண்டு வயது இளைஞன் தலையில் முகப்பவுடர் அப்பிக்கொண்டு கிழவனாக வந்தால் அவன் பெயர் பட்டியலில் நிச்சயம். அவன் தலையில் அடித்து அழும்போது வெண்புகை கிளம்பினால், முன்வரிசை இருமினால், விருதே நிச்சயம். உண்மையிலேயே கிழவரான ஒருவர் கிழவராக நடித்தால் அது நடிப்பென்று எவரும் கருதுவதில்லை.

இரண்டாம் விதி, மரண விதி. இடைவேளைக்கு முன் சாகிறவர் துணை நடிகர். பின் சாகிறவர் நடிகர். கடைசிவரை சாகாமல் நிற்பவர் தயாரிப்பாளர்.

மூன்றாம் விதி, மின்சார விதி. சோகக் காட்சியில் தற்செயலாகக் கரன்ட் போனால் சிறந்த ஒளியமைப்புக்கான பெயர் அந்த நாடகத்திலிருந்து வரும். நகைச்சுவைக் காட்சியில் போனால் அது மின்சாரசபையின் தவறு.

நான்காம் விதி, விலகாமை விதி. பட்டியலில் பெயர் வந்தவர் விலகுவதில்லை. 1996இல் ‘விக்டர்/விக்டோரியா’வின் ஜூலி அண்ட்ரூஸ், தன் குழுவினர் எவர் பெயரும் வராமல் தன் பெயர் மட்டும் வந்ததைப் பொறுக்காது டோனிப் பரிந்துரையை மேடையிலேயே மறுத்தார். மட்டக்குளி வாங்கில் இச்செய்தி நெடுநேரம் ஆராயப்பட்டு, அவருக்கு நல்ல மச்சான் ஒருவர் வாய்க்கவில்லை என்று தீர்மானிக்கப்பட்டது.

6. நியூயோர்க் பரிசோதனை, 2020

மட்டக்குளிக் கோட்பாடு கடல் கடந்தும் செல்லுமா என்பதைச் சோதிக்க ஒரு வாய்ப்பு வந்தது. 2020 மார்ச் 12ஆம் திகதி கொரோனா பிராட்வேயை மூடியது. பருவம் முடியுமுன் கணித்துக்கொண்டிருந்த அமெரிக்க வல்லுநர் அனைவரையும் முந்திக்கொண்டு பருவமே முடிந்துபோனது. பெப்ரவரி 19 வரை திறந்தவைக்கே தகுதி என்று பின்னர் கோடு கிழித்தார்கள். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் புதிய தயாரிப்பு திறந்தது பெப்ரவரி 20. ஒரே நாளில் எத்தனையோ பட்டியல்கள் கிழிந்தன.

தகுதி பெற்ற புதிய இசை நாடகங்கள் நான்கே நான்கு. இசை நாடகத்தின் சிறந்த நாயக நடிகர் என்ற பிரிவில், ‘மூலான் ரூஜ்’ நாடகத்தின் ஆரன் ட்வேட் என்ற ஒரே பெயர் வந்தது. போட்டிக்கு ஆளில்லாவிட்டாலும் வாக்களிப்போரில் அறுபது வீதத்தினர் ஆம் என்றால்தான் விருது என்று நிபந்தனை. 2021 செப்டெம்பர் 26இல் நடந்த விழாவில் அவர் வென்றார். ஒரே போட்டியாளர் என்ற வகையில் இது மாதவியின் நிலைதான். சோழ மன்னன் மட்டும் வீதக்கணக்குக் கேட்கவில்லை.

இந்தச் செய்தியை வாங்கில் வாசித்துக் காட்டியபோது சலூன் அண்ணன் அசரவில்லை. “நாலாவது இடத்துக்குப் பெயர் எழுதினதால வந்த வினை. கோடு போட்டிருக்கணும்” என்றார். கோட்டின் கோட்பாட்டு முக்கியத்துவம் இவ்வாய்வாளருக்கு அன்றுதான் புலப்பட்டது.

7. மறுப்பும் விடையும்

நாடகத்தைப் பாராமல் பட்டியல் போடுவது வெறும் வம்பளப்பு என்பர் சிலர். இம்மறுப்பு ஒரு மாலையோடு முடியும் நாடகத்தின் பின்கதையை அறியாதது. திரை விழுந்த மறுநாள் நடிகன் வேலைக்குப் போய்விடுகிறான். சீன் துணி யார் வீட்டுப் பரணிலோ. பிரதி ஒரு தடவை தட்டச்சாகி ஒரு கோப்பில். பத்திரிகையில் வந்தால் நான்கு வரி, அதில் இரண்டு வரி பிரதம அதிதிக்கு. அந்த நாடகம் இனி எங்கே இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை மாலை, பட்டியலின் இரண்டாம் பெயரை ஒருவர் எதிர்த்தார். கிழவன் வேடத்தில் அந்தப் பையன் நடந்த நடை சரியில்லை என்றார். சலூன் அண்ணன் சீப்பை மேசையில் வைத்தார். வெள்ளைத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முதுகு வளைந்தது, வலது கை இல்லாத தடியை ஊன்றியது, இடது கால் அரை நொடி தாமதித்து வந்தது. கதவிலிருந்து கண்ணாடிவரை நான்கடி நடந்து, திரும்பி, மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பாதி சவரத்தில் இருந்தவர் நுரை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்த நாடகத்தைப் பார்க்கவில்லை. பார்த்த ஒருவர் நடித்துக் காட்டியதைப் பார்த்திருந்தார். மண்டபத்தில் ஒரு தடவை நடந்த நாடகத்துக்கு மட்டக்குளியில் அது எத்தனையாவது மேடையேற்றமோ!

நியூயோர்க்கில் நாடகம் ஓடுகிறது. பட்டியல் அதற்கு விளம்பரம். இங்கே நாடகம் ஓடுவதில்லை, பட்டியல்தான் ஓடுகிறது. எதிர்க்கவும் தாங்கவும் ஆளிருக்கும்வரை நடையும் வசனமும் அழுகையும் வாய்க்கு வாய் கைமாறிக்கொண்டிருக்கும். முடிவு அறிவிக்கப்பட்ட அன்றே பேச்சு ஓய்கிறது. வென்றவருக்கு ஒரு கேடயம், தோற்றவருக்கு ஒரு காரணம், நாடகத்துக்கு மறதி. ஆகவே விருதைவிடக் கணிப்பே நாடகத்துக்குச் செய்யும் தொண்டு பெரிது என்பது இவ்வாய்வின் துணிபு.

8. விதப்புரைகள்

ஒன்று: விழாக் குழுக்கள் முடிவுகளை இயன்றவரை பிந்தி அறிவிக்க வேண்டும். இத்துறையில் ஏற்கெனவே காட்டப்பட்டுவரும் ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது.

இரண்டு: ஒவ்வொரு பிரிவிலும் நான்காம் இடம் கோடாகவே விடப்பட வேண்டும்.

மூன்று: சிறந்த கணிப்பாளர் என்றொரு விருது நிறுவப்பட வேண்டும். இதற்கான பரிந்துரைப் பட்டியல் சலூன் கண்ணாடியில் ஏற்கெனவே செருகப்பட்டுவிட்டது. முதற்பெயர் அண்ணனுடையது, அடுத்தது யாழ்ப்பாணத்து ஐயா, மூன்றாவது ஒரு மச்சான். இவ்வாய்வாளரின் பெயர் ஏன் இல்லை என்று விசாரித்தபோது, அண்ணன் சற்று வருத்தத்துடனேயே விளக்கம் தந்தார்: “நீங்கதான் எல்லா நாடகத்தையும் கடைசிவரை இருந்து பார்த்திருக்கீங்களே, தம்பி. உங்களை எப்படிச் சேர்க்கிறது?”