துறைமுகத்துக் கார்க்காரர்

லிவோர்னோ துறைமுகத்தைக் கப்பல் தொடுவதற்கு முந்தின ராத்திரி, சாப்பாட்டு மேஜையில் அத்தான் ஒரு டிஷ்யூ பேப்பரை விரித்துக் கணக்குப் போட்டார். கப்பல்காரர்கள் தங்கள் பஸ்ஸில் ஃபிளாரன்ஸுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஆளுக்கு 120 யூரோ கேட்கிறார்கள். நாங்கள் நான்கு பேர். 480. வாடகைக் கார் ஒரு நாளைக்கு 58.

"மிச்சம் எவ்வளவு, மாப்ள?"

"422, அத்தான்."

"கப்பல்ல நாலாயிரம் பேர் இருக்கான். ஒருத்தனுக்காவது இது தோணுச்சா, சொல்லு."

தோன்றித்தான் இருந்தது. காலையில் கப்பலை விட்டு இறங்கியபோது பார்த்தேன். பஸ் வரிசைக்கு முதுகைக் காட்டியபடி பத்துப் பன்னிரண்டு ஆண்கள் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அறுபதை ஒட்டிய வயது. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறை, அதற்குள் முன்பதிவுத் தாள். எல்லோருக்கும் நாலடி பின்னால் ஒரு மனைவி. ஜெர்மன்காரர், ஆஸ்திரேலியர், மான்செஸ்டர் பக்கத்து ஆள் ஒருவர், நடுவில் மதுரையில் பிறந்து லண்டனில் முப்பது வருஷம் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்ற என் அத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஒரே ஜோசியரிடம் போகிறவர்கள் வாசலில் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

துறைமுகத்துக் கார்க்காரர் தேசம், மொழி, மதம் எதற்கும் கட்டுப்படாத ஒரு தனி ஜாதி. சொந்த ஊரில் அவரைக் கண்டால் அடையாளம் தெரியாது. பால் வாங்கப் போகும்போது மற்ற எல்லோரையும் போலத்தான் இருப்பார். மத்தியதரைக் கடலில் ஒரு கப்பலில் ஏற்றிவிட்டால்தான் உள்ளே இருக்கும் கொலம்பஸ் வெளியே வருவார். அவருடைய பரம எதிரி கப்பல் நிறுவனம் விற்கும் ஒருநாள் சுற்றுலா. அதிலும் குறிப்பாக நெஞ்சில் ஒட்டும் நம்பர் ஸ்டிக்கர். "எல்.கே.ஜி. பிள்ளைங்களை மாதிரி ஸ்டிக்கர் ஒட்டி, முன்னால ஒருத்தி குடையைத் தூக்கிட்டுப் போவா, பின்னாலயே நாம போகணுமா?" என்பார் அத்தான். ஆறு மாதத்துக்கு முன்பே காரைப் பதிவு செய்து, அதற்குப் பிறகு விலை இரண்டு யூரோ குறையும்போதெல்லாம் ரத்து செய்து மறுபடி பதிவு செய்வார். அந்த இரண்டு யூரோவைப் பற்றி வீட்டில் இரண்டு நாள் பேச்சு இருக்கும்.

லிவோர்னோவில் பெரிய கப்பல்கள் நிற்பது சரக்குத் துறைமுகத்துக்குள். கன்டெய்னர்களுக்கு நடுவே நடந்து போக விடமாட்டார்கள். ஊருக்குள் போக ஷட்டில் பஸ்தான், அதற்குக் காசு. விறுவிறு நடையெல்லாம் அந்த பஸ் நிறுத்தத்தோடு சரி. நான்கு டிக்கெட் எடுத்தபோது அத்தான் டிஷ்யூ பேப்பரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கார் கொடுக்கும் அலுவலகத்தில் ஒரே ஒரு பெண்மணி இருந்தார். அவருக்கு முன்னால் பதினோரு முன்பதிவு. அவரிடம் அவசரம் என்பதே இல்லை. அவர் எந்தக் கப்பலையும் பிடிக்க வேண்டியதில்லையே. ஆஸ்திரேலியர் டெபிட் கார்டை நீட்டினார். கடன் அட்டைதான் வேண்டும், அதுவும் ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும், முன்பணமாக ஒரு பெரிய தொகையை அதில் முடக்கிவைப்போம் என்றார் பெண்மணி. ஆஸ்திரேலியரிடம் அப்படி ஓர் அட்டை இல்லை. அவர் மனைவி முகத்தில் அந்த நேரத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். இருவரும் ரயில் நிலையம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார்கள். (மதியம் ஃபிளாரன்ஸில் அவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்ட கதையைப் பிறகு கப்பலில் கேட்டோம்.)

அத்தானின் தாளில் "ஃபியட் 500 அல்லது அதைப் போன்றது" என்று இருந்தது. கிடைத்தது ஒரு ஃபியட் பாண்டா. ஆட்டோமேட்டிக் இல்லை, அங்கே கேட்டுவைத்து, கூடக் காசும் கொடுத்தால்தான் ஆட்டோமேட்டிக் வரும்.

"ஃபியட் எனக்குப் புதுசா மாப்ள? ஓட்டக் கத்துக்கிட்டதே எங்க பெரியப்பாவோட ஃபியட்லதானே."

அது பத்மினி, நம்ம ஊரில் செய்த ஃபியட், கியர் ஸ்டியரிங்கிலேயே ஒட்டியிருந்தது என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. பெண்மணி காரின் படம் போட்ட தாளில் கீறல் இருக்கும் இடங்களையெல்லாம் பெருக்கல் குறியால் காட்டினார். அத்தானுக்கு அது போதாது. பம்பர், கதவு, சக்கரம், கூரை என்று 64 படம் எடுத்தார். என் அக்கா கல்யாணத்தில்கூட அவ்வளவு எடுக்கவில்லை. கீறலுக்கும் திருட்டுக்கும் நம் பொறுப்பே இல்லாமல் செய்துகொள்ளத் தனிக் காப்பீடு உண்டு, நாளைக்கு இவ்வளவு என்றார் பெண்மணி. அத்தான் மறுத்தார். வெளியே வந்து இத்தாலிய ஸ்கூட்டர்கள் போகிற வேகத்தைப் பார்த்தார். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்.

மணி 9.40.

லண்டனில் இடப்பக்கம் ஓட்டியவருக்கு இங்கே வலப்பக்கம் சாலை, இடப்பக்கம் ஸ்டியரிங். கியர் வலது கையில். முதல் இருபது நிமிடம் அவர் மூன்றாவது கியருக்கென்று இடது கையால் துழாவியதெல்லாம் கதவுக்குப் போயிற்று. ஒவ்வொரு ரவுண்டானாவிலும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு மீனாட்சியைக் கூப்பிட்டாள்.

லிவோர்னோவிலிருந்து ஃபிளாரன்ஸ் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அந்தச் சாலைக்கு ஃபி-பி-லி என்று பெயர். ஃபிரென்சே (ஃபிளாரன்ஸ்), பைசா, லிவோர்னோ என்ற மூன்று ஊர்ப் பெயர்களின் இத்தாலிய முதலெழுத்துகள். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது பாடுகிற மாதிரி இருந்தாலும் லாரிகளும் வளைவுகளும் வேகக் கேமராக்களும் நிறைந்த சாலை. சுங்கம் கிடையாது என்பதில் அத்தானுக்கு அளவில்லாத சந்தோஷம். வழியில் பைசா என்று போர்டு வந்தது. சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அக்காவின் பத்து வருஷ ஆசை. "திரும்பும்போது அஞ்சு நிமிஷம் நிறுத்துறேன்" என்றார். கார்க்காரர்கள் எல்லா மொழியிலும் சொல்கிற வாக்கியம் இது. அக்கா நம்பவில்லை; ஓடுகிற காரிலிருந்து அந்தப் போர்டைப் படம் எடுத்துக்கொண்டாள். படத்தில் போர்டு சாய்ந்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கார்க்காரர் எல்லாத் துறைமுகத்திலும் தப்பு செய்கிறவர் இல்லை. கிரீஸில் கட்டகோலோன் என்று ஒரு சின்னத் துறைமுகம். கப்பலை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கார் கிடைக்கும். ஒலிம்பியாவின் இடிபாடுகள் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில். மயோர்க்கா, கோர்சிகா மாதிரித் தீவுகளிலும், மெசினாவில் இறங்கி எட்னா மலைப்பக்கம் போவதற்கும் கார்தான் சௌகரியம். ஆனால் கார்க்காரருக்கு இந்தச் சின்ன ஊர்களில் மனம் நிறையாது. சிவிட்டவெக்கியாவிலிருந்து ரோம் வரை ரயில் இருக்கும்போது காரில் போவதும், பிரேயஸில் இறங்கி மெட்ரோவை விட்டுவிட்டு ஏதென்ஸுக்குள் கார் ஓட்டுவதும்தான் வீரம். நேப்பிள்ஸில் மட்டும் அத்தான் அடங்கிவிட்டார். அந்தப் போக்குவரத்தைப் பார்த்ததும், மதுரை கீழவாசல் மாதிரியே இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அத்தான் பேசாமல் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தார். முப்பது வருஷ லண்டன் வாழ்க்கை ஒரு மனிதனை எவ்வளவு கெடுத்துவிடுகிறது.

ஃபிளாரன்ஸுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. இத்தாலியின் பழைய நகரங்களுக்கு நடுவே வெளியாட்களின் கார் நுழையக் கூடாத வட்டாரம் உண்டு. சுருக்கமாக செட்-டி-எல் என்பார்கள். சுவரும் இல்லை, தடுப்பும் இல்லை, போலீஸ்காரரும் இல்லை. சிவப்பு வட்டம் போட்ட ஒரு போர்டு, அதற்கு மேல் ஒரு கேமரா, ஒளிரும் எழுத்தில் இரண்டு வார்த்தை: வார்கோ அட்டிவோ.

அத்தான் வண்டியை மெதுவாக்கி வாசித்தார். "அட்டிவோன்னா ஆக்டிவ். வழி திறந்திருக்கு. போகலாம்."

வழி மேல் கேமரா வேலை செய்துகொண்டிருக்கிறது, இப்போது நுழையாதே என்று அதற்கு அர்த்தம். எங்கள் நான்கு பேரில் அது யாருக்கும் தெரியாது. "கேமரா இருக்குண்ணே" என்றாள் என் மனைவி. "பாதுகாப்புக்கும்மா" என்றார் அவர். உள்ளே போனால் எல்லாம் ஒருவழித் தெரு. போனில் வழி சொல்கிற அம்மா இத்தாலியத் தெருப் பெயர்களை மென்று துப்புவதற்குள் திருப்பம் கடந்துவிடும். வெளியே வந்தோம், வேறொரு தெருவில் மறுபடி உள்ளே போனோம், வந்தோம், போனோம். அத்தானுக்கு அப்போது ஃபிளாரன்ஸ் என்பது கலைகளின் தாயகமாக இல்லை. கார் நிறுத்த இடம் இருக்கிறதா இல்லையா என்கிற ஒரே கேள்வியாக இருந்தது. "அதோ டுவோமோ!" என்று மனைவி கத்தினாள். "எங்கே, மஞ்சள் கோடா வெள்ளைக் கோடா?" என்றார் அவர். இத்தாலியில் பொதுவாக வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு நமக்கு இல்லை. புருனலெஸ்கி கட்டிய அந்தப் பேராலயக் குவிமாடத்துக்குக் கோடு எதுவும் கிடையாது.

கடைசியில் ஆற்றைத் தாண்டி மேட்டில் இருக்கிற பியாட்சாலே மிக்கேலாஞ்சலோவில் ஓர் இடம் கிடைத்தது. ஊர் முழுக்க அங்கிருந்து தெரியும். நடுவில் மிக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலைக்கு வெண்கலத்தில் ஒரு நகல், பச்சையாக நிற்கிறது. மூலச் சிலை கீழே, அக்காதெமியாவில். நாங்கள் கீழே போகவில்லை. போனால் இந்த இடம் போய்விடும்.

"ஒரிஜினலும் இதே மாதிரிதான் மாப்ள. கூட்டம்தான் ஜாஸ்தி."

அக்கா கொண்டுவந்திருந்த புளியோதரையை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த முக்கால் மணி நேரம் நன்றாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு மணிக்கெல்லாம் அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பும். ஐந்தரைக்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். கப்பல்காரர்களின் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அறைப் பெட்டகத்தில் இருக்கும் நம் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போய்விடும். இந்த விவரத்தை அத்தான் எங்களிடம் ஃபி-பி-லியில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் சொன்னார்.

காரை டேங்க் நிரப்பித் திருப்பித் தர வேண்டும். லிவோர்னோவில் மதிய ஓய்வில் இருந்த ஒரு பங்கில் மனிதர் யாரும் இல்லை, இயந்திரம் மட்டும். கஸோலியோ, பென்ஸீனா என்று இரண்டு குழாய். "கேஸோலின்னா பெட்ரோல்" என்று கஸோலியோவை எடுத்துவிட்டார் அத்தான். அது டீசல். அந்த ஒரு தடவை அக்கா அவர் கையைப் பிடித்தாள்: "என்னங்க, மூடியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க." மூடியில் பென்ஸீனா என்றிருந்தது. கார் பிழைத்தது. அத்தான் 50 யூரோ நோட்டை இயந்திரத்துக்குள் விட்டார். 19 யூரோவில் டேங்க் நிரம்பிவிட்டது. இயந்திரம் மீதி தரவில்லை. 31 யூரோ பாக்கி என்று ஒரு சீட்டைத் துப்பியது. பங்கில் ஆள் வந்த பிறகு காட்டி வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சீட்டு இன்னமும் அத்தானிடம் இருக்கிறது.

காரைத் திருப்பிக் கொடுத்து, ஷட்டிலைப் பிடித்து, கன்டெய்னர்களுக்கு நடுவே இறங்கியபோது மணி 5.22. மேல்தளத்தில் வரிசையாக ஜனங்கள், கையில் கோப்பையோடு. கடைசி நிமிடத்தில் ஓடிவருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது கப்பலில் ஒரு பொழுதுபோக்கு. நாங்கள் ஓடினோம். கைதட்டினார்கள். எங்களுக்குப் பின்னால் அந்த ஜெர்மன்காரர் ஓடிவந்தார். அவருக்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஏறியதும் அவரும் அத்தானும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

ராத்திரி டிஷ்யூ பேப்பர் மறுபடி வந்தது. கார், காப்பீடு, பெட்ரோல், ஷட்டில், பார்க்கிங் எல்லாம் கழித்து 270 யூரோ மிச்சம் என்று நிரூபித்தார். இயந்திரத்திடம் இருக்கும் 31 யூரோவை வரவுப் பக்கத்தில் எழுதியிருந்தார்.

ஏழு மாதம் கழித்து, முதலில் அவர் கடன் அட்டையில் சின்னச் சின்னதாக மூன்று பிடித்தங்கள். போலீஸுக்கு உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுத்ததற்குக் கார் நிறுவனத்தின் சேவைக் கட்டணம். பிறகு லண்டன் வீட்டுக்கு ஃபிளாரன்ஸ் நகரப் போலீஸிடமிருந்து மூன்று பதிவுத் தபால். வெளிநாட்டில் இருக்கிறவருக்கு அறிவிப்பு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. நுழைந்த ஒவ்வொரு தடவைக்கும் தனி அபராதம் போட்டிருந்தார்கள். தெருவின் பெயர், தேதி, நிமிடம் எல்லாம் போட்டு 11.14, 11.26, 11.41.

அத்தான் அன்றைக்கே எனக்குப் போன் செய்தார். குரலில் வருத்தம் இல்லை.

"மாப்ள, அஞ்சு நாளைக்குள்ள கட்டினா முப்பது பர்சன்ட் தள்ளுபடியாம். எவனாவது கவனிச்சிருப்பான்கிற?"

இரண்டாவது நாளே கட்டிவிட்டார். வருகிற மே மாதம் வாலெட்டாவில் கப்பல் நிற்கும் எட்டு மணி நேரத்துக்குக் கார் பதிவாகியிருக்கிறது. மால்டாவில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.