வெளிச்சம் போயிடும்!

வெளியில் போய்ப் படம் வரைகிறவர்களை அவர்களுடைய மூட்டையை வைத்தே கண்டுகொள்ளலாம். மடக்கு நாற்காலி, மூன்று கால் ஈசல், குடை, குடையை ஈசலில் மாட்ட ஒரு கிளிப், தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே, பழைய பனியன் கிழிசல் நான்கு. 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். அதுவரை எண்ணெய்ச் சாயத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். குழாய் வந்த பிறகுதான் ஓவியர்களால் வண்ணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் கிளம்ப முடிந்தது என்று நம்மவர் அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு, தன் சட்டைப்பையை வேனில் ஏற்ற இரண்டு பேரைக் கைகொடுக்கச் சொல்வார்.

நம்மவர் என்பது ஒரு தனி ஆள் அல்ல. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து கோவளத்துக்குப் படம் வரையப் போகும் எந்தக் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார். பணி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும் வரை கோப்பில் கையெழுத்து மட்டுமே போட்ட கை. இப்போது படத்திலும் அதுதான் நன்றாக வருகிறது.

கோவளத்தில் சூரியன் கடலிலிருந்து எழும்பி வரும். ஆறு, ஆறரைக்கு வெளிச்சம் படுக்கையாக விழுந்து, படகுக்கு ஒரு பக்கம் பொன், மறுபக்கம் நீல நிழல் என்று நிற்கும். ஒன்பது மணியானால் நிழல் சுருங்கி, மணல் வெளுத்து, வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தாலே கண் கூசும். இது நம்மவருக்குத் தெரியாதா? ஐந்து மணிக்கே எல்லாரையும் போனில் எழுப்பி, “வெளிச்சம் போயிடும், வெளிச்சம் போயிடும்” என்று பறப்பவர் அவர்தான். திருவான்மியூரில் வேனை நிறுத்தி, பொங்கல் வடைக்கு மேல் ஒரு நெய் ரோஸ்ட்டும் சொல்லி, காபி ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்பி முக்கால் மணி நேரத்தைக் கரைப்பவரும் அவரே.

ஈஞ்சம்பாக்கம் வந்ததும் வேனுக்குள் அவர் குரல் தழுதழுக்கும். இங்கேதான் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் படம் வரைந்தார்கள் என்பார். இந்த வரலாறு உண்மை. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது. “அவங்களும் நம்மள மாதிரிதான்” என்று அவர் அதை முடிக்கும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கோவளத்தில் வரைய விஷயத்துக்குப் பஞ்சமில்லை. கார்மேல் மாதா கோயில் இருக்கிறது, தமீம் அன்சாரி தர்கா இருக்கிறது. ஆனால் கட்டடம் என்றால் கோடு நேராக வரவேண்டும். படகுக்கு அந்தத் தொல்லை இல்லை என்று நம்மவர் நினைக்கிறார். அதிலும் அவருக்குக் கட்டுமரம்தான் வேண்டும். சுனாமிக்குப் பிறகு வந்து குவிந்த பைபர் போட்டுகள் கரை முழுக்க வரிசையாக நிற்கின்றன. மீனை இறக்குகிறார்கள், ஏலம் விடுகிறார்கள், ஒரே இரைச்சல். குழுவோ அதற்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கோ ஓரத்தில் உளுத்துக் கிடக்கும் ஒரே ஒரு கட்டுமரத்தைச் சுற்றி எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்காரும்.

கட்டுமரம் காலியில்லாத நாளில் நம்மவர் பெரிய மனது பண்ணி பைபர் போட்டை வரைவார். எஞ்சினை எடுத்துவிடுவார். நைலான் வலை, தெர்மாகோல் பெட்டி, நீலத் தார்ப்பாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு பாய்மரத்தை நட்டுவைப்பார். பின்னால் ஒரு தென்னை. அதற்குள் கூட்டம் கூடிவிடும். கடற்கரை விமர்சகர்களுக்குத் தாட்சண்யம் கிடையாது.

“இன்னா சார், எஞ்சின் இல்லாம எப்டி கரைக்கு வர்றது?”

“அது காத்துல வரும்பா. பாய் போட்டிருக்கேன் பாரு.”

“பாய் தெற்க பாத்து உப்பிக்கினு கீது. உன் தென்ன மரம் வடக்க சாயுதே. ரெண்டு காத்தா அடிக்குது?”

மீன் கூடையோடு போகிற அம்மா ஒருத்தி நின்று, தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். “நம்பர் எங்க சார்? நம்பர் இல்லாம போனா கோஸ்ட் கார்டு புடிச்சுக்குவான்.” நம்மவர் புன்னகையோடு ஸ்ப்ரேயை எடுத்து, வானத்தில் தண்ணீர் அடிப்பார். வானம் ஒழுகிப் படகுக்குள் இறங்கும். “ஓட்ட வேற” என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள்.

பதினொரு மணிக்குமேல் எல்லாப் படங்களையும் மணலில் பரப்பி, ஓரத்தில் செருப்பைப் பாரமாக வைத்து, விமர்சனக் கூட்டம் நடக்கும். இங்கே யாரும் படம் சரியில்லை என்று சொல்வதில்லை. “லூஸா இருக்கு சார்” என்பது உச்சபட்சப் பாராட்டு. வெயிலுக்குப் பயந்து பாதியில் விட்ட படத்துக்கு, “காகித வெள்ளையை என்ன தைரியமா விட்டிருக்கீங்க!” என்று கிடைக்கும். தைரியசாலி அடக்கமாகத் தலைகுனிந்து மோர் குடிப்பார்.

போன முறை அந்த நேரம் பார்த்து ஒரு போட்டுக்காரர் வந்தார். புதுப் போட்டுக்குப் பேர் எழுதித் தர முடியுமா என்று நம்மவரிடம்தான் கேட்டார், தொப்பி பெரிது என்பதால். “நாங்க ஆர்ட்டிஸ்ட், போர்டு எழுதுறவங்க இல்ல” என்றார் நம்மவர், முகம் சிவந்து. கல்லூரிப் பெண் ஒருத்தி குழுவில் உண்டு. யாரும் அவள் படத்தை அதுவரை லூஸ் என்று சொன்னதில்லை. அவள் எழுந்து போய், எனாமல் டப்பாவை வாங்கி, எடுப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பை நிறையச் சங்கரா மீனோடு திரும்பினாள்.

வேனில் வீடு வரை நம்மவர் அவளுக்குப் பாடம் எடுத்தார். கலை வேறு, கூலி வேறு. ஒரு தடவை விலை போய்விட்டால் கோடு கெட்டுவிடும். “சரி அங்கிள், சரி அங்கிள்” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மூட்டைகளையெல்லாம் இறக்கி முடித்ததும் நம்மவர் மறுபடி ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

“ஏம்மா, அதுல ஒரு நாலு சங்கரா கிடைக்குமா? கோவளம் போய்ட்டு வெறுங்கையோட வர்றேன்னு வீட்ல சொல்றாங்க.”