தனி அலுவலர் புராணம்

தமிழ்நாட்டில் ஒருவர் இருக்கிறார். எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. அதனால் தோற்றதும் இல்லை. டெபாசிட் கட்டமாட்டார், தெருத்தெருவாகக் கும்பிடு போடமாட்டார். கூட்டத்தில் அவரைத் தரையில் உட்கார் என்று சொல்ல ஆளில்லை. வீட்டுக்காரர் வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் ஆபத்தும் இல்லை. ஐந்து வருடம் கழித்து ஊரார் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற கவலை அறவே கிடையாது. ஆளும் கட்சி மாறினாலும் அவர் மாறமாட்டார். தனி அலுவலர் என்பது அவர் திருநாமம்.

2025 ஜனவரி 5-ம் தேதி 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அந்தத் தேதி வானத்திலிருந்து குதித்ததல்ல. 2020 ஜனவரி 6-ம் தேதி பதவியேற்ற அன்றே குறித்துவைத்த தேதி. ஆயினும் கோட்டையில் இருந்தவர்களுக்கு அது நள்ளிரவுப் பூகம்பம்போல வந்து சேர்ந்துவிட்டது. வார்டு எல்லையை மறுவரையறை செய்ய வேண்டுமாம். சில ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்க்க வேண்டுமாம். ஐந்து வருடமாக அந்த எல்லைக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்கள் போலும். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். இதில் சாக்குப்போக்கு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. அதனாலென்ன? முதலில் ஆறு மாதம் என்றார்கள். பிறகு நீட்டித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்தில் தனி அலுவலர் வந்தமர்ந்தார்.

கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். அப்போது மாநிலத்தில் 388 ஒன்றியங்கள், 12,525 ஊராட்சிகள். வகுத்துப் பாருங்கள், ஒருவர் தலையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள். இராவணனுக்கே பத்துத் தலைதான்.

இனி, நீங்கள் தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தைப் படித்தால் நாக்கில் நீர் ஊறும். 21 வயது நிரம்பியிருந்தால் போதும். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். போன தேர்தலில் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 200. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. கட்சிச் சின்னம் கிடையாது, ஆகவே மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம். பாதி இடம் பெண்களுக்கு. எம்.எல்.ஏ. ஆவதற்கு 25 வயது வேண்டும். ஊராள 21 போதும் என்று பெருந்தன்மையோடு எழுதிவைத்திருக்கிறார்கள். தேர்தல் ஒன்றுதான் பாக்கி.

2016 அக்டோபரில் 21 வயதைத் தொட்டு மனுத்தாக்கலுக்கு ஆயத்தமான கிராமத்துப் பிள்ளை, 2019 டிசம்பர்வரை காத்திருந்தது. அதன் சித்தப்பா மகன் டவுனில் இருந்தால் 2022 பிப்ரவரிவரை. அந்த 2016 கூத்து நினைவிருக்கும். இடஒதுக்கீடு முறையாக இல்லை என்று எதிர்க்கட்சியான திமுக வழக்குப் போட்டது. காரணம் நியாயமாகவே இருக்கட்டும். உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. ஆளும் அதிமுக குறையைத் திருத்திவிட்டுத் தேர்தலை நடத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த வழக்கிலேயே மூன்று வருடம் குளிர்காய்ந்தது. மத்திய நிதிக்குழு மானியம் நின்றுபோயிற்று. இருந்தும் குளிர் விடவில்லை. அப்போது "ஜனநாயகப் படுகொலை" என்று முழங்கிய திமுக, 2019 ஜனவரியில் ஊர் ஊராக ஊராட்சி சபைக் கூட்டம் போட்டு மக்களோடு அமர்ந்தது. பிறகு ஆட்சி வந்தது, எழுந்துவிட்டார்கள். 2025-ல் முழங்கும் முறை அதிமுகவுக்கு. வசனம் அதேதான், நடிகர்கள்தாம் இடம் மாறிக்கொண்டார்கள்.

இந்த வித்தை புதிதும் அல்ல. மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) ஊழலைக் காரணம் காட்டி 1973-ல் சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த மன்றம் வந்தது 1996-ல். 23 ஆண்டுகள்! கலைத்த ஆண்டில் பிறந்த குழந்தை, கவுன்சிலர் என்றொரு பிராணியைக் கண்ணால் பாராமலே வளர்ந்து, கல்லூரி முடித்து, வேலைக்கும் போயிருக்கும். திருடன் புகுந்தான் என்பதற்காக வீட்டுக்காரனையே 23 வருடம் தெருவில் நிறுத்திய நியாயம் அது. நடுவில் ஆண்டவர்கள் எல்லோரும் திராவிடக் கட்சிகளின் முதல்வர்கள். இடையிடையே குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்தது. அவருக்கும் அவசரம் இல்லை.

இந்தத் திராவிடக் கட்சியினர்தாம் டெல்லியைப் பார்த்து மாநில சுயாட்சி பேசுகிறவர்கள். பேசட்டும், அந்தப் பேச்சில் எனக்கும் உடன்பாடுதான். ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்று அண்ணா கேட்டது சரியான கேள்வி. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க, நியமனத்தில் வந்தவர் கோப்பின் மேல் உட்காரலாமா என்று மேடைதோறும் கொதிக்கிறார்கள். அதே வாயால் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான ஊர்களுக்குக் குட்டிக் கவர்னர்களை நியமித்து அனுப்பினார்கள். கவர்னர் மாளிகையில் இருந்தால் சர்வாதிகாரம், பி.டி.ஓ. ஆபீசில் இருந்தால் நிர்வாக வசதி.

2025-ல் இன்னொரு அதிசயமும் நடந்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், நாலு பேர் பாராட்ட வேண்டிய சட்டம். நகரங்களில் மன்றம் இருந்தது, அமர்ந்தார்கள். ஆனால் அந்த 28 மாவட்டங்களில் சட்டம் வந்தபோது எந்த ஊராட்சி மன்றத்தில் உட்கார்வது? உறுப்பினர் தயார், மன்றம்தான் இல்லை.

தனி அலுவலர் காலத்துக் கிராம சபையை ஒருமுறை போய்ப் பாருங்கள். பத்து மணிக்குக் கூட்டம் என்று அறிவிப்பு. பதினொன்றரைக்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கும். நூறு நாள் வேலைக்குப் போன பெண்களைச் சாலையோரத்திலிருந்து மண்வெட்டியோடு அழைத்து வந்து உட்காரவைப்பார்கள். கோரம் சேர வேண்டுமே! பேச்சு தொடங்குமுன் வருகைப் பதிவு கையிலிருந்து கைக்குப் போகும், மை தடவிய ஸ்டாம்ப் பேடும் கூடவே போகும். தீர்மானங்கள் அச்சடித்தே வந்திருக்கும். ஊராட்சிச் செயலர் ஒரே மூச்சில் வாசிப்பார். ஒரு பாட்டி எழுந்து, "ஐயா, எங்க தெருவுல பைப்பு போட்டு வருசமாச்சு, காத்துதான் வருது" என்பாள். மேடையில் இருப்பவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "மனுவா எழுதிக் குடுங்கம்மா" என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கே அவர் இன்னும் எத்தனையோ ஊரின் கிராம சபைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தெரு எந்த ஊரில் இருக்கிறது என்பதே அவருக்கு நினைவில் இருக்காது. பாட்டி அவருக்கு ஓட்டுப் போட்டவளும் அல்ல, அடுத்த முறை போடாமல் பழிவாங்கவும் அவளுக்கு வழியில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் மட்டும் யோக்கியர்களா என்று கேட்பீர்கள். இல்லை. தலைவர் பதவியை ஏலம் விட்ட ஊர்கள் உண்டு. மனைவி பெயரில் தீர்ப்பு சொல்லும் கணவன்மார் உண்டு. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் ஊரெல்லாம் பார்த்த படம். ஆனால் அந்த அநியாயம் வெளியே தெரிந்ததற்குக் காரணமே அங்கே ஒரு தேர்தல் நடந்து, அவர் ஜெயித்து வந்ததுதான். தனி அலுவலரை வைத்தால் அவமானப்படுத்த ஆளில்லை என்பது உண்மை. உட்காரவும் ஆளில்லை.

ஊராட்சித் தலைவர் பதவிக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை, தேர்தலைக் கோப்பில் தள்ளிவைப்பவர்கள் மறந்துவிட்டார்கள். மேலவளவு ஊராட்சி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டபோது மிரட்டல்களை மீறி நின்று ஜெயித்தவர் முருகேசன். 1997 ஜூன் 30-ம் தேதி பேருந்தை மறித்து அவரையும் துணைத்தலைவர் மூக்கனையும் உடன் வந்த இன்னும் சிலரையும் வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை, எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு, 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுவித்தது. அடுத்த மாதம் ஊராட்சித் தேர்தல். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலை நடத்தவிடாமல் ஆதிக்கச் சாதியினர் முட்டுக்கட்டை போட்டார்கள். 2006-ல்தான் அங்கே தேர்தல் முறையாக நடந்தது. நாலு ஊரில் சாதி செய்த வேலையை ஆயிரக்கணக்கான ஊர்களில் ஓர் அரசாணை செய்து முடிக்கிறது, அரிவாள் இல்லாமல், அதிகாரப்பூர்வ முத்திரையோடு.

உங்கள் ஊராட்சி தனி அலுவலரிடம் இருந்தால், அடுத்த கிராம சபைக்குப் போங்கள். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுமுன், "எங்கள் ஊராட்சிக்கு உடனே தேர்தல் நடத்த வேண்டும்" என்பதை முதல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அச்சடித்த தாளில் இடமில்லை என்பார்கள். பேனாவை நீங்களே கொண்டுபோங்கள்.