சிக் லைன் வைத்தியர்கள்

கே: தூதரகங்களும் நிழல் மரங்களுமாக இருக்கும் சாணக்யபுரியில் உட்கார்ந்துகொண்டு, கூட்ஸ் வேகன் ரிப்பேர் வேலையைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னீர்களே, ஏன்? (ஆர்.கே.புரம் வாசகி)

ப: அந்த மரங்களுக்குப் பின்னால் ஒரு தண்டவாளம் ஓடுகிறது அம்மா. டெல்லி ரிங் ரயில்வே. நெரிசலான பெரிய ஸ்டேஷன்களுக்குள் நுழையாமல் சரக்கு ரயில்களைச் சுற்றி அனுப்பத்தான் 1975-இல் அதைப் போட்டார்கள். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டி வந்தபோதுதான் பயணிகளுக்காகவும் அதைச் சீர்படுத்தினார்கள். சாணக்யபுரி என்ற பெயரிலேயே அதில் ஒரு குட்டி ஸ்டேஷன் உண்டு.

ராத்திரி கூட்ஸ் போகும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீரான தடதடப்புக்கு நடுவே ஏதோ ஒரு வேகன் மட்டும் சுத்தியலால் அடிப்பது போல ‘டக்... டக்... டக்’ என்று போகும். அதற்கு ஃபிளாட் டயர் என்று பெயர். பிரேக் பிடித்த பிடியை விடாமல் இருந்தால் சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் இழுபட்டுத் தேயும். உருண்டையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டை விழுந்துவிடும். சரக்கு வேகனில் அந்தத் தட்டை 60 மில்லிமீட்டரைத் தாண்டினால் வண்டியை ஓட விடக் கூடாது. உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் அந்தச் சத்தம்தான், அடுத்த யார்டில் தண்டவாளத்தோரம் குந்தியிருக்கும் ஒருவருக்கு நோயின் முதல் அறிகுறி. அவரைப் பற்றித்தான் இந்த வாரம் முழுக்க.

கே: அப்படிக் குந்தியிருந்து என்ன செய்வார்? (திருவெறும்பூர் ஐ.டி.ஐ. மாணவர்)

ப: பார்ப்பார், கேட்பார், மோந்தும் பார்ப்பார். ரயில்வேயில் இந்தப் பிரிவுக்கு ‘சி அண்ட் டபிள்யூ’ என்று பெயர். கேரேஜ் அண்ட் வேகன். கூட்ஸ் யார்டுக்குள் மெதுவாக நுழையும்போதே இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்துவிடுவார்கள். தம்பி, நிலக்கரி ஏற்றும் ‘பாக்ஸ்-என்’ வேகன் 58 சேர்ந்தால் ஒரு முழு ரேக். வேகனுக்கு எட்டுச் சக்கரம். பிரேக் வேனை விட்டுவிட்டாலே 464 சக்கரங்கள் கண் முன்னால் உருண்டு போகும். எது தட்டுகிறது, எதில் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, எங்கே பிரேக் பாகம் தொங்குகிறது, எந்த ஆக்ஸில் பெட்டியிலிருந்து கருகிய கிரீஸ் வாடை வருகிறது என்று அந்தச் சில நிமிடங்களுக்குள் பிடித்தாக வேண்டும். இப்போது தொடாமலேயே சூடு பார்க்கும் கருவி கையில் இருக்கிறது. ஆனால் எந்தச் சக்கரத்தின் பக்கம் அதை நீட்ட வேண்டும் என்று கண்ணும் காதும்தான் முதலில் சொல்கின்றன.

வண்டி நின்றதும் அடுத்த பாடம் பிரேக். காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விஷயம் நேர் எதிர். பிரேக் பைப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும் வரை வண்டி ஓடும். காற்று இறங்கினால்தான் பிரேக் பிடிக்கும். நடுவழியில் ஹோஸ் பிய்த்துக்கொண்டாலும் வண்டி தானே நிற்க வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் நம் ஆள் 600 மீட்டருக்கு மேல் நீளும் ரேக்கை நடந்தே முடித்து, எங்கே ‘புஸ்’ என்று கசிகிறது, எந்த பிரேக் பிளாக் தேய்ந்து போயிருக்கிறது, எந்த சிலிண்டரில் பிஸ்டன் வெளியே வரவில்லை என்றெல்லாம் பார்க்கிறார். எல்லாம் சரி என்றால்தான் பிரேக் பவர் சர்டிஃபிகேட் எழுதப்படும். அந்தக் காகிதம் கைக்கு வராமல் லோகோ பைலட் வண்டியை எடுக்கக் கூடாது.

உடல்நிலை சரியில்லாத வேகனுக்கு ‘சிக்’ என்று சீட்டு ஒட்டி, ரேக்கிலிருந்து கழற்றி, சிக் லைனுக்கு அனுப்புவார்கள். ரயில்வேக்காரர்கள் பேசுவதே ஆஸ்பத்திரி பாஷைதான்! அங்கே வேகனை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மாற்றுவார்கள், வெல்டிங் வைப்பார்கள், கதவு கீலைச் சரிசெய்வார்கள். அதோடு பாக்ஸ்-என் வேகனுக்கு 18 மாதத்துக்கு ஒரு முறை டிப்போவில் ‘ஆர்.ஓ.எச்.’, புது வேகன் என்றால் ஆறு ஆண்டு கழித்து, பிறகு நாலரை ஆண்டுக்கு ஒரு முறை, பெரிய பணிமனையில் ‘பி.ஓ.எச்.’. முதலாவது உடல் பரிசோதனை மாதிரி. இரண்டாவது, அக்கு அக்காகக் கழற்றி மாட்டும் பெரிய வைத்தியம்.

கே: மோதிபாக் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவன் நான். இந்த வேலையில் சேர வழி என்ன? (சாணக்யபுரி வாசகர்)

ப: மூன்று கதவு இருக்கிறது, தம்பி.

பத்தாம் வகுப்போடு நேராகத் தட்டக்கூடியது லெவல்-1, அந்தக் காலத்து குரூப் டி. அதில் சி அண்ட் டபிள்யூ அசிஸ்டென்ட் பதவியும் வரும். கலாசி என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்வி. ஒரு தப்பு விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் போகும். தமிழிலேயே எழுதலாம். அதன் பிறகு உடல் தகுதித் தேர்வு: 35 கிலோவைத் தூக்கிக்கொண்டு, கீழே வைக்காமல், 2 நிமிடத்தில் 100 மீட்டர், அப்புறம் 1,000 மீட்டரை 4 நிமிடம் 15 வினாடியில் ஓட வேண்டும். ஒரே வாய்ப்புதான்.

இரண்டாவது கதவு டெக்னீஷியன் கிரேடு-3. பத்தாம் வகுப்போடு ஃபிட்டர், வெல்டர் போன்ற பிரிவில் ஐ.டி.ஐ. அல்லது அப்ரன்டிஸ் சான்றிதழ் வேண்டும். ஆரம்பம் 19,900 ரூபாய். 2025 அறிவிப்பில் வயது 18 முதல் 30 வரை. இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. 100 கேள்வியில் 40 பொது அறிவியல். பத்தாம் வகுப்பு இயற்பியலைத் தூசு தட்டி எடுத்து வையுங்கள்.

உங்கள் வயதுக்கு நான் கையைப் பிடித்து அழைத்துப் போவது மூன்றாவது கதவுக்கு: 1961-ஆம் ஆண்டு சட்டப்படியான அப்ரன்டிஸ் பயிற்சி. இதற்குத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. மதிப்பெண்ணை வைத்தே எடுக்கிறார்கள். பயிற்சி முடித்தால் வேலை நிச்சயம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள், அப்படி ஒரு வாக்குறுதி கிடையாது. ஆனால் ரயில்வேயில் அப்ரன்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல்-1 இடங்களில் 20 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய லாபம், பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு நிஜ வேகனின் அடியில் படுத்து நட்டு முடுக்கியிருப்பீர்கள். முதலில் பூசா ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்கு விண்ணப்பம் போடுங்கள்.

கே: டெல்லியில் இருக்கும் நான் ‘ஆர்.ஆர்.பி. டெல்லி’ என்று தேடினால் ஒன்றுமே வரவில்லையே? (முனிர்கா வாசகர்)

ப: வராது. ரயில்வே போர்டு டெல்லியில் இருந்தாலும், ஆர்.ஆர்.பி. எனப்படும் 21 ரயில்வே தேர்வு வாரியங்களில் ஒன்றுகூட டெல்லி பெயரில் இல்லை. வடக்கு ரயில்வேயின் இந்தப் பக்கத்து இடங்களுக்கு சண்டிகர் வாரியம். சென்னை வாரியத்துக்கும் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரு அறிவிப்புக்கு ஒரே ஒரு வாரியம்தான். காலியிடப் பட்டியலில் எந்த மண்டலத்தில், எந்தப் பணிமனையில், உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் எத்தனை இடம் என்று பென்சிலால் குறித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கே: என் மகன் பி.இ. மெக்கானிக்கல். டெக்னீஷியன் வேலைக்கு அது போதும்தானே? (அம்பத்தூர் அப்பா)

ப: போதாது ஐயா. கிரேடு-3 பதவிக்குக் கேட்பது ஐ.டி.ஐ. அல்லது அப்ரன்டிஸ் சான்றிதழ். டிப்ளமோவோ டிகிரியோ அதற்கு ஈடாகாது. மகனுக்குப் பொருத்தமானது ஜூனியர் இன்ஜினியர் தேர்வு. 35,400 ரூபாயில் ஆரம்பிக்கும் லெவல்-6. சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய், அங்கே வாசலில் இதைக் கேள்விப்பட்டு நின்ற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அறிவிப்பின் பின்னிணைப்பை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். பதவிக்கு எதிரே பி-1, சி-1 என்று மருத்துவத் தகுதியும் போட்டிருக்கும். நிறம் பிரித்தறிவதில் குறை இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கே: பெரிய இடத்து சிபாரிசு இருந்தால்? (பெயர் வேண்டாம் என்கிறார்)

ப: 35 கிலோ மூட்டையை சிபாரிசுக் கடிதம் தூக்காது.

கே: தாத்தா பொன்மலையில் ஃபிட்டர், அப்பாவும் அங்கேதான். வாரிசு வேலை எனக்குக் கிடைக்குமா? (திருச்சி வாசகர்)

ப: நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை 1928-இல் பொன்மலைக்கு வந்தது. அந்தக் கொல்லுலைச் சூட்டில் மூன்று தலைமுறை வளர்ந்த வீடுகள் அங்கே ஏராளம் என்பதால் உங்கள் கேள்வியின் ஆசை எனக்குப் புரிகிறது. பாதுகாப்புப் பிரிவு ஊழியர் முன்கூட்டியே ஓய்வுபெற்றால் பிள்ளைக்கு வேலை என்று ஒரு திட்டம் இருந்தது. உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பியதும் 2017-இல் அதை நிறுத்தி வைத்து, பிறகு கைவிட்டுவிட்டார்கள். பணியில் இருக்கும்போதே ஊழியர் இறந்தால் கருணை அடிப்படையில் தரும் வேலை இன்றும் இருக்கிறது. அந்த வழியில் யாருக்கும் வேலை கிடைக்காமல் இருக்கட்டும். அப்பாவிடமிருந்து நீங்கள் வாங்க வேண்டிய சொத்து வேறு. வெர்னியர் பிடிப்பதும், சுத்தியால் தட்டி இரும்பின் ஓசை கேட்பதும். ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்காருங்கள்.

கே: டெல்லியில் ஒருவர், பணம் கட்டினால் ரயில்வேயில் ‘டிரெயினிங்’ தந்து நேராக ஆர்டர் வாங்கித் தருகிறாராம். நம்பலாமா? (விருதுநகர் பக்கத்து வாசகர்)

ப: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன். 2022 ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த 28 பேராவது புது டெல்லி ரயில் நிலையத்தில் நின்றார்கள். தினம் எட்டு மணி நேரம், ஏறக்குறைய ஒரு மாதம். வேலை என்ன தெரியுமா? எத்தனை ரயில் வருகிறது, போகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று எண்ணுவது! டிக்கெட் பரிசோதகர், டிராஃபிக் அசிஸ்டென்ட், கிளார்க் பதவிகளுக்கு அதுதான் பயிற்சி என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் கொடுத்தது 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை. மொத்தம் 2 கோடியே 67 லட்சம். டெல்லி போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் போன பிறகு, அந்த டிசம்பரில் நாடு முழுக்கச் செய்தியானது.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். வெயிலில் பிளாட்பாரத்தில் நின்று, கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் அவர்கள். உழைக்கத் தயாராக இருந்த கையைத்தான் ஏமாற்றினார்கள். நிஜக் கணக்கைக் கேளுங்கள்: தேர்வுக் கட்டணம் 500 ரூபாய். தேர்வு எழுதினால் அதிலும் 400 ரூபாயைத் திருப்பித் தருகிறார்கள். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்கள், முன்னாள் ராணுவத்தினர் போன்றோருக்கு 250. அது வங்கிக் கட்டணம் போக முழுசாகத் திரும்பி வரும். பணத்தைத் திருப்பித் தரும் கதவு ரயில்வேயின் கதவு. மேலே மேலே கேட்கும் கதவு வேறு யாருடையதோ. ஊரில் நிலத்தை விற்கப் போகிற ஒருவரிடமாவது இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

கே: பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா? மாமியார் கேட்கச் சொன்னார். (லக்ஷ்மிபாய் நகர் வாசகி)

ப: மாமியாருக்கு என் வணக்கம்! வரலாம். உடல் தகுதித் தேர்வில் 20 கிலோவோடு 100 மீட்டர் 2 நிமிடத்தில். 1,000 மீட்டர் ஓட்டம் 5 நிமிடம் 40 வினாடிக்குள். தண்ணீர்க் குடத்தோடு தெருக்கோடிவரை நடந்த தலைமுறைக்கு இதில் பாதி ஏற்கெனவே பாஸ். ஷிஃப்ட் வேலை, திறந்த யார்டு, டெல்லியின் ஜனவரிப் பனி இதையெல்லாம் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கே: வேலையில் ஆபத்து உண்டா? (கொளத்தூர் வாசகி)

ப: உண்டு, மறைக்க மாட்டேன். வேகனுக்கு அடியில் ஆள் இருக்கும்போது எஞ்சின் வந்து முட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். அதனால் வேலை நடக்கும் லைனுக்கு இரு பக்கமும் சிவப்புக் கொடி கட்டி, பாதையை அடைத்துப் பூட்டி, சாவியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டுதான் அடியில் நுழைவார்கள். அமெரிக்காவில் இதே தொழில் செய்பவரைக் ‘கார்மேன்’ என்பார்கள். அங்கே நீலக் கொடி. அதை வைத்த குழுவினர்தான் எடுக்கலாம், வேறு யாரும் தொடக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. நிறம் வேறானாலும் இரண்டு நாட்டிலும் அந்தத் துணி சொல்வது ஒன்றுதான்: ‘உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான்.’ வேலையில் சேர்ந்த முதல் நாளில், சீனியர் ‘சீக்கிரம் முடிச்சிடலாம், கொடி வேண்டாம்’ என்றாலும் நீங்கள் கட்டுங்கள்.

கே: சாணக்யபுரி ரயில் மியூசியத்துக்குப் பையனைக் கூட்டிப்போகிறேன். எதைக் காட்டுவது? (சென்னையிலிருந்து வரும் வாசகர்)

ப: திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. 1977 பிப்ரவரி 1-ஆம் தேதி திறந்த இடம். பையன் மகாராஜாக்களின் சலூன் பெட்டிகளைப் பார்த்து வாயைப் பிளக்கட்டும். பிறகு பாட்டியாலா மோனோரயிலிடம் அழைத்துப் போங்கள். 1907-ஆம் ஆண்டு எஞ்சின். ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும், சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண் தரையில் உருண்டு வரும். 1927-இல் ஓட்டம் நின்றது. பல காலம் பாட்டியாலாவில் ஒரு கொட்டகைக்குள் கேட்பாரற்றுக் கிடந்ததை, வடக்கு ரயில்வேயின் அமிர்தசரஸ் பணிமனைத் தொழிலாளர்கள் மறுபடியும் ஓட வைத்தார்கள். அந்தப் பக்கத்துச் சக்கரத்தைப் பையனுக்குக் காட்டிவிட்டு, ‘இதைத் திரும்பச் சுற்ற வைத்தவர்கள் யார் தெரியுமா?’ என்று கேளுங்கள்.