போல்ட் போட்டால் போதும்

அமெரிக்காவில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூசாமல் சொல்லும் பொய் ஒன்று உண்டு: "இன்ஜின் மாத்துறது ஒண்ணுமே இல்லை. போல்ட் போட்டா போதும்." சொல்பவர் முகத்தில் ஒரு சாந்தம் இருக்கும். அவர் வண்டி ஷெட்டில் நாலு கட்டை மேல் நிற்கும்.

என் வண்டி 1972-ம் வருடத்து ஷெவர்லே சி10 பிக்கப். 'சி' என்றால் பின்சக்கரம் மட்டும் உழைக்கும். நாலும் உழைத்தால் அது 'கே'. 1967 முதல் 1972 வரை வந்த இந்த உடல்வாகுக்கு டெக்சாஸில் கோயில் கட்டவில்லை, அவ்வளவுதான். பெட்ரோல் போட நிறுத்தினால் யாராவது ஒருவர் வந்து பானெட்டைத் தடவிக்கொண்டே, "எங்க தாத்தா இதே வண்டிதான் வெச்சிருந்தார்" என்பார். இவர்கள் எல்லோருடைய தாத்தாவும் வைத்திருந்தது உண்மையென்றால், ஷெவர்லே கம்பெனி ராத்திரி ஷிஃப்ட் போட்டும் அத்தனை வண்டி செய்திருக்க முடியாது.

அதில் இருந்தது 250 கன அங்குல இன்ஜின், அதாவது 4.1 லிட்டர், ஆறு சிலிண்டர். கியர் லீவர் நம் பழைய அம்பாசடர் போல ஸ்டீயரிங் தண்டில். மூன்றே கியர். ஊருக்குள் தங்கமான வண்டி. வெளியே போனால்தான் வம்பு. ஆஸ்டினிலிருந்து தெற்கே போகும் 130-ம் எண் சுங்கச்சாலையில் ஒரு பகுதியில் சட்டப்படியே மணிக்கு 85 மைல் ஓட்டலாம். அமெரிக்காவில் அதற்கு மேல் எங்கும் அனுமதி கிடையாது. அந்த ரோட்டில் 55-ல் போய்ப் பாருங்கள். ஒருவரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். தாண்டும்போது ஜன்னல் வழியே பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார்கள். நம் ஊரில் "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா" என்று கேட்பார்களே, அது எவ்வளவோ தேவலை.

ஆகவே இன்ஜின் மாற்றுவது என்று முடிவாயிற்று. எதைப் போடுவது என்பதில் இந்த நாட்டில் யோசனைக்கே இடமில்லை. 1997-ல் கார்வெட் காரோடு 'எல்எஸ்' என்று ஒரு வம்சம் புறப்பட்டது. அதன் பிக்கப் கிளைதான் 5.3 லிட்டர் வி8. 1999 முதல் 2007 வரை சில்வராடோ, டாஹோ, சபர்பன் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் போட்டார்கள். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 270 குதிரைத்திறனுக்குக் குறையாது. அடிபட்டு வரும் வண்டிகள் காயலான் கடைகளில் மலைபோல் குவிந்திருப்பதால் (புதுப்பேட்டையை நாற்பது ஏக்கரில் நினைத்துக்கொள்ளுங்கள்) இன்ஜினும் அதோடு ஒட்டிய நாலு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் சேர்த்தே ஒரு புது ஐபோன் விலைக்குள் வந்துவிட்டது. வீட்டில் அனுமதி கிடைத்ததும் அந்த விலையைச் சொல்லித்தான்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கிரேனில் தொங்கிய பழைய இன்ஜினைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டா, அது ஓடலையா?"

"ஓடுதும்மா."

"அப்ப எதுக்குடா கழட்டின?"

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

எல்எஸ் இன்ஜினின் சுபாவத்தை ஒரு வரியில் சொல்வதென்றால், அது லீவுக்கு ஊருக்கு வரும் அமெரிக்க உறவினர். பழைய ஆறு சிலிண்டருக்கு மெக்கானிக்கல் பம்ப் நாலைந்து பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றினாலும் குடித்துவிட்டு வேலை பார்க்கும். இவருக்கு 58 பி.எஸ்.ஐ.க்குக் குறைந்தால் ஆகாது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், பாட்டில் தண்ணீர்தான் என்கிற ரகம். அந்த அழுத்தத்துக்கு எலெக்ட்ரிக் பம்ப் வேண்டும், அதை டேங்குக்குள்ளேயே வைப்பதுதான் உத்தமம். டேங்க் எங்கே இருக்கிறது? அங்கேதான் இந்த வண்டியின் பெருமையே. 1972 வரை வந்த இந்தப் பிக்கப்புகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால், டிரைவரின் முதுகை ஒட்டியே இருக்கும். சீட்டை மடக்கி அம்மாவுக்குக் காட்டினேன்.

"பெட்ரோலை முதுகுல கட்டிக்கிட்டுத்தான் இத்தனை நாள் அந்தப் பிள்ளைய ஸ்கூல்ல கொண்டு விட்டியா?" என்றாள். 'அந்தப் பிள்ளை' அவளுடைய பேத்தி. அன்று சாயங்காலமே டேங்க் மாற்றும் செலவுக்கு மேலிடத்தில் ஒப்புதல் கிடைத்தது.

புது டேங்கைப் பின்பக்கம், சேஸின் இரண்டு தண்டுகளுக்கும் நடுவில் தொங்கவிட்டோம். அந்த இடத்தில் இருந்த ஸ்டெப்னி மேலே ஏறிவந்து சரக்குத் தொட்டியில் உட்கார்ந்துகொண்டது. தொட்டியிலிருந்த தோட்டச் சாமான்கள் கராஜுக்கு வந்தன. கராஜிலிருந்த என் மனைவியின் கார் வெயிலுக்குப் போனது. இன்ஜின் இன்னும் வண்டிக்குள் இறங்கவே இல்லை.

'நாங்கள்' என்றால் நானும் பக்கத்து வீட்டுப் பெரியவரும். ரிஃபைனரியில் பைப் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். 1972 வண்டியின் நட்டு போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு, எல்எஸ் இன்ஜினில் எல்லாம் மில்லிமீட்டர். இரண்டும் ஒரே பானெட்டுக்கு அடியில் குடித்தனம் நடத்துவதால் இரண்டு ஸ்பேனர் செட் வேண்டும். அடியில் படுத்தபடி அவர் "ஒன்பது பதினாறு" என்று கை நீட்டுவார். அது பொருந்தாவிட்டால் அடுத்த பெரியது எது? பத்து பதினாறு. ஆனால் ஸ்பேனரில் அப்படிப் போட்டிருக்காது. சுருக்கி ஐந்து எட்டு என்றுதான் இருக்கும். ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கை வாழ்க்கையில் எங்கே பயன்படுத்தப் போகிறோம் என்று கேட்ட தலைமுறை நான். எங்கள் கணக்கு வாத்தியார் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

பிக்கப்பிலிருந்து பிக்கப்புக்குத்தானே இன்ஜின் போகிறது, அப்படியே உட்கார்ந்துவிடும் என்று நினைப்பீர்கள். உட்காராது. பழைய பிளாக்கில் மவுண்ட் பிடிக்க ஒரு பக்கத்துக்கு மூன்று போல்ட், இதில் நாலு. நடுவில் ஒரு தகடு வேண்டும். ஆயில் சேம்பர் வயிறு பெருத்து சேஸின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். ஒல்லியாக இன்னொன்று வேண்டும். அதன் விலையைக் கேட்டால் இன்ஜினுக்கே வெட்கமாக இருக்கும். கியர் பெட்டி நீளம் வேறு என்பதால் பின்சக்கரத்துக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டையும் அளவெடுத்து வெட்டி வெல்டு வைக்க வேண்டும்.

ஆனால் ஒரு காரியம் மட்டும் பட்ட பாடு எல்லாவற்றுக்கும் ஈடாக இருந்தது. பின்பக்க ஆயில் சீல் மாற்றுவதற்காக இன்ஜினையும் பெட்டியையும் பிரித்திருந்தோம். திரும்பச் சேர்க்கும்முன் டார்க் கன்வர்ட்டரைப் பெட்டிக்குள் உட்கார்த்த வேண்டும். பெரிய இரும்புப் பூசணிக்காய் அது, உள்ளே எண்ணெய் வேறு. அதை உள்ளே தள்ளிக்கொண்டே கையால் திருப்ப வேண்டும். உள்ளிருக்கும் தண்டுகளிலும் பம்பிலும் ஒவ்வொன்றாகப் பற்களும் காடிகளும் சேரும். சேரும்போது 'டொக்' என்று விழும். பாதியில் விட்டுவிட்டுப் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடைந்துவிடும், பெட்டி காலி. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். டொக். இன்னும் கொஞ்சம். டொக். நான் போல்ட்டை எடுத்தேன்.

"ரெண்டுதான் கேட்டுது" என்றார், கண்ணைத் திறக்காமலே.

தள்ளினார், திருப்பினார், லேசாக ஆட்டினார். டொக். கன்வர்ட்டர் விரலகலம் உள்ளே போனது. அம்மாவுக்கு அவர் பேசுவது ஒரு வார்த்தையும் புரியாது. ஆனாலும் அந்த மூன்றாவது சத்தத்துக்கு அவளும் நாற்காலியை விட்டு எழுந்தாள். அன்று அவருக்கு முறுக்கு கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

இன்ஜின் இறங்கியது. வயரிங் ஒரு வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் குடியிருந்தது ("ஏங்க, இந்தப் பாம்புக்குப் பக்கத்துல தட்டை வைக்கவா?"). கடைசியில் சாவியைத் திருப்பினேன். வி8 உறுமியது. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அணைந்தது. மறுபடி திருப்பினேன், மறுபடி இரண்டு நொடி, அணைந்தது.

காரணம் தெரிந்தபோது இன்ஜின் மேல் மரியாதையே வந்துவிட்டது. அதன் கம்ப்யூட்டருக்குள் திருட்டுத் தடுப்பு இருக்கிறது. இன்ஜின் முன்பு இருந்த வண்டியின் சாவிப் பூட்டிலிருந்து வர வேண்டிய சமிக்ஞை வராவிட்டால் யாரோ தன்னைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று முடிவுகட்டி பெட்ரோலை நிறுத்திவிடும். வேறு உடம்பில், வேறு ஊரில், யாரென்றே தெரியாத ஒரு தமிழன் சாவி போடுகிறான். சந்தேகப்பட்டது தப்பா? லேப்டாப்போடு ஒரு பையன் வந்து, கம்ப்யூட்டரின் நினைவிலிருந்து அந்தச் சந்தேகத்தை மட்டும் அழித்துவிட்டுப் போனான். பிறகு நின்றதில்லை.

இப்போது 75 மைல் வேகத்தில் இன்ஜின் அலட்டிக்கொள்வதே இல்லை. நாலாவது கியரின் விகிதம் 0.70; ஷாஃப்ட் நூறு சுற்று சுற்ற இன்ஜின் எழுபது சுற்றினால் போதும். சீட்டுக்குப் பின்னால் டேங்க் இருந்த இடத்தில் அம்மாவின் ஏற்பாட்டின்படி வெங்காய மூட்டையும் ஒரு குடையும் பயணம் செய்கின்றன. பாடெல்லாம் பட்டபிறகு சொல்கிறேன்: 1972 வண்டிக்கு இதைவிட நல்ல இன்ஜின் கிடையாது.

ஒரு வேண்டுகோள். கழற்றிய ஆறு சிலிண்டர் இன்ஜின், மூன்று கியர் பெட்டியோடு கராஜ் மூலையில் அப்படியே கிடக்கிறது; மனைவியின் காரோ இன்னும் வெயிலில். ஹூஸ்டன் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் இலவசமாகவே தருகிறேன். நன்றாக ஓடும் இன்ஜின். கொண்டுபோக வண்டி இல்லையே என்று தயங்க வேண்டாம், பிக்கப் என்னிடம் இருக்கிறது. ஒரே நிபந்தனை: எப்படி மாட்டுவது என்று என்னைக் கேட்கக் கூடாது.