சில்லறைக் கடன்காரரே!

கிரெடிட் கார்டு பாக்கிக்கு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறதா? எவ்வளவு, ஒன்றரை லட்சமா? இவ்வளவு அற்பமாகக் கடன் வாங்கினால் வழக்கு வராமல் வேறென்ன வரும்?

சென்னை சிவா இண்டஸ்ட்ரீஸைப் பாருங்கள். பாக்கி 4,800 கோடிக்கு மேல். சுமார் 320 கோடி தருகிறோம் என்றது முதலாளி தரப்பு. கடன் கொடுத்தவர்கள் 94 சதவீத வாக்கோடு தலையாட்டினார்கள். திவால் வழக்கை விசாரித்த தீர்ப்பாயம் மறுத்தது. கடன் கொடுத்தவர்களின் வணிக ஞானத்தில் தலையிடலாகாது என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது.

அந்த ஞானம் உங்கள் தெருவுக்கு வராது. உங்களுக்கு ரெக்கவரி ஆள்தான். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர் ராத்திரி பத்து மணிக்கு உங்கள் மச்சினனைக் கூப்பிட்டு உங்கள் யோக்கியதையை விளக்குவார். வட்டியோ வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது அநியாயம் என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. பதினாறு வருஷம் கழித்து, 2024 டிசம்பரில், அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கார்டு வைத்திருப்பவர்கள் விவரம் தெரிந்தவர்களாம்!

சரி, விவரம் தெரிந்தவரே, சம்மனை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். சாதாரண உரிமையியல் வழக்கென்றால் 30 நாளில் எதிர்வாதுரை. சுருக்க விசாரணை வழக்கென்றால் 10 நாளில் ஆஜர். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அவர்கள் எழுதிய தொகைக்கே தீர்ப்பு வாங்கிவிடுவார்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று முழுக் கணக்கையும் கேளுங்கள். மூன்று வருஷம் தாண்டிய பாக்கியா? காலவரம்பு வாதம் இருக்கிறது. அதனால்தான் வரம்பு முடியுமுன்னே, “நல்லெண்ணத்துக்கு ஆயிரம் போட்டு, ஒரு வரி எழுதிக் கொடுங்க சார்” என்று குழைவார்கள். கொடுத்தால் மூன்று வருஷமும் முதலிலிருந்து ஓடும். ஆர்பிட்ரேட்டர் நோட்டீஸ் வந்தால், அவரை நியமித்தது யார் என்று பாருங்கள். வங்கி தானே தனக்கொரு நடுவரை வைத்துக்கொள்ள முடியாது; நீதிமன்றமே சொன்னது.

செட்டில்மென்ட் பேசினால் போன் வாக்கை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வங்கிக் கடிதத்தில் தொகை, தேதி, வழக்கை முடித்துக்கொள்ளும் சம்மதம் எல்லாம் வரட்டும். கட்டிய பிறகு பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். அப்படியும் சிபிலில் ‘செட்டில்டு’ என்று ஒரு சூடு போடுவார்கள். அடுத்த கடனுக்குப் போகும்போது எரியும்.

“தள்ளுபடிக்கு பாலிசி இல்லை சார்” என்பார் மேலாளர். வேண்டுமென்றே கடன் கட்டாதவர்களோடும், மோசடி என்று முத்திரை குத்திய கணக்குகளோடும்கூட வங்கிகள் சமரசம் செய்யலாம் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. அதை அச்சடித்து மேஜையில் வையுங்கள். நான் மோசடிக்காரன்கூட இல்லையே, எனக்கு மட்டும் ஏன் கிடையாது என்று கேளுங்கள்.