லேபிள் இல்லாத சரக்கு

மேடையில் டிரம்ஸ்காரர் சோதனைக்கு இரண்டு தட்டுத் தட்டுகிறார். கூட்டம் ‘ஓ’வென்று கத்துகிறது. சிவகாசி அண்ணாச்சி மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நுழைவாயிலில் ஒட்டியிருக்கும் போஸ்டரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“மஜந்தா ஒதுங்கியிருக்கு பாத்தியா மாப்ளே? பாடுறவருக்கு மூக்கு ரெண்டா தெரியுது.”

கச்சேரிக்கு வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா, பேனாவுக்குப் பின்னால் ஒரு கட்டு விசிட்டிங் கார்டு. சிவகாசியில் ஆப்செட் அச்சகம் இருக்கும். மச்சினனுக்குப் பட்டாசு ஆலையில் பங்கு இருக்கும். தீபாவளிச் சரக்கு ஐப்பசியோடு முடிந்தால், காலண்டர் அடிப்பு டிசம்பர் கடைசிவரை விடாது. ஜனவரியில்தான் அவருக்கு மூச்சு வரும். அந்த நேரம் பார்த்து, இன்ஜினீயரிங் படிக்கும் மருமகன் எழுபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கு இழுத்து வந்துவிடுகிறான்.

வரும் வழியிலேயே விளக்கம் ஆரம்பமாகியிருக்கும்.

“இது இண்டி பேண்ட் மாமா. எந்த லேபிள்லயும் சேராம தனியாப் பாடுறாங்க.”

“லேபிள் இல்லாம சரக்கு எப்படிடா போகும்?”

இருவரும் சொல்வது இரண்டு வேறு லேபிள்கள் என்பது திருமங்கலம் தாண்டும்போதுதான் புரிகிறது. மருமகன் சொன்னது பாட்டு வெளியிடும் கம்பெனி. அண்ணாச்சிக்கு லேபிள் என்றால் தீப்பெட்டியின் மேல் ஒட்டும் நான்கு கலர்த் தாள். ஆனால் புரிந்த பிறகு அவர் அதை ஒரே வரியில் முடித்துவிடுவார்: “அப்போ பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் பண்ணாம சொந்தச் சரக்குப் போடுறாங்க. இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” சுயாதீன இசைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா, தெரியவில்லை.

கச்சேரி அவருக்குப் புதிதில்லை. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் மெல்லிசை கேட்டு வளர்ந்தவர். அங்கே ரசிகனின் உரிமை ஒரு துண்டுச்சீட்டில் இருக்கிறது. பாட்டின் பெயர், கீழே கேட்பவரின் பெயர், அதற்குக் கீழே கடைப் பெயர். பாடகர் மூன்றையும் மைக்கில் படித்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒரு சீட்டெழுதி நீட்டுகிறார்: இளையராஜா பாட்டு ஒன்று, சிவகாசி நண்பர்கள் சார்பாக. மேடையோரம் நிற்கும் பையன் வாங்கிப் படித்துவிட்டு, கையில் என்ன வைத்திருக்கிறோம் என்று தெரியாதவன்போல் திருப்பிக் கொடுக்கிறான்.

“எல்லாம் அவங்க எழுதுன பாட்டுத்தான் மாமா.”

“சினிமாப் பாட்டே கிடையாதா?”

அவரைச் சமாதானப்படுத்த மருமகன் ‘96’ படத்தை இழுக்கிறான். 2018இல் வந்த அந்தப் படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா, கேரளத்தின் தைக்குடம் பிரிட்ஜ் குழுவிலிருந்து வந்தவர். அண்ணாச்சி முகம் கொஞ்சம் தெளிகிறது. (சொந்த வரி, சொந்தப் பாட்டு என்பது அவர் மாவட்டத்துக்கு ஒன்றும் அதிசயமில்லை. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் பிள்ளை யாருடைய விருப்பச் சீட்டுக்கும் காத்திராமல் மார்கழிக்கு முப்பது பாட்டு எழுதி வைத்திருக்கிறாள். ஊரே அதைப் பாடிக்கொண்டுதான் இருக்கிறது.)

மருமகனின் இனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவன் ‘அப்பவே கேட்டவன்’. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது 2018 ஜனவரி 6 அன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்பதிலிருந்து பிறந்தது பெயர். அன்றைக்கு அந்த மைதானத்தில் நின்றதாகச் சொல்பவர்களை எல்லாம் கூட்டினால் நேரு ஸ்டேடியம் கொள்ளாது. மருமகனும் நின்றதாகத்தான் சொல்கிறான். அன்றைக்கு அவன் ஒன்பதாம் வகுப்பு, சாத்தூரில் அத்தை வீட்டில் இருந்தான் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். சொல்ல மாட்டார். செல்போனில் அவன் காட்டும் காணொலியில் ஆளை எண்ணுவார்.

“பத்தொன்பது பேரு! சாப்பாடு, பேட்டா, வண்டி வாடகை... கட்டுபடியாகுதா மாப்ளே?”

கணக்கு பாதியில் நிற்கிறது. பறை விழுந்துவிட்டது.

மதுரை மேடைக்கு வருவோம். அண்ணாச்சி எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் வெளியேறும் வழி எத்தனை, மணல் வாளி எங்கே, ஜெனரேட்டர் வயர் எதன் மேல் கிடக்கிறது என்று பார்த்துக்கொள்வார். மருமகனுக்கு இது மானக்கேடு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் புகை எழுந்ததைப் பார்த்தவர் அவர். அதைப் பற்றி இந்தக் கூட்டத்தில் யாரிடமும் பேச மாட்டார்.

முதல் பாட்டில் கிடாரை மட்டும் நீவிக்கொண்டே போகிறார்கள். “திரி ரொம்ப நீளமா வச்சிருக்கானே, வெடி எப்ப?” என்கிறார். பேஸ் இறங்கி நெஞ்சுக்கூடு அதிரும்போது பக்கத்தில் ஒரு பெண் காதைப் பொத்துகிறாள், இவர் அசையவில்லை. நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை பட்டாசுக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கும் ஊர்க்காரர். மேடையின் இருபுறமும் வெள்ளிப்பொறி சீறி எழுகிறது. மருமகன் கத்துகிறான், அண்ணாச்சி கண்ணைச் சுருக்குகிறார்.

“டைட்டானியம். புஸ்வாணத்துக்குக் கரண்ட் கனெக்‌ஷன் குடுத்திருக்கான். பச்சை வராது, பாத்துக்கோ.”

பச்சைக்குப் பேரியம் வேண்டும்; அதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசிலிருந்து நிறுத்திவிட்டது. சரவெடிக்கும் அன்றைக்கே முடிவு வந்தது. பாட்டு முடிந்த பிறகும் அவர் அந்த வழக்கை விளக்கிக்கொண்டிருக்கிறார். முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நான்காவது பாட்டு மெதுவானது. எல்லோரும் செல்போன் விளக்கைத் தூக்கி ஆட்டுகிறார்கள். ஆலை வாசலில் செல்போனை வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடும் ஊரிலிருந்து வந்தவருக்கு அந்தக் காட்சி கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது. பிறகு அவரும் போனை எடுக்கிறார். விளக்கு எங்கே எரிய வைப்பதென்று தெரியாமல் கால்குலேட்டரைத் திறந்து, அந்த வெளிச்சத்தையே தூக்கிப் பிடிக்கிறார். திரையில் பத்தொன்பது பேருக்கான பேட்டா கணக்கு அப்படியே இருக்கிறது.

கடைசியில் டி-ஷர்ட் விற்கும் மேசை. ஒன்றை எடுத்து உள்பக்கம் புரட்டி, ஸ்கிரீன் பிரிண்டிங்கை நகத்தால் கீறிப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு மடித்து வைக்கிறார். கிடார்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அங்கே வர, விசிட்டிங் கார்டு வெளியே வருகிறது.

“தம்பி, ஆல்பத்துக்கு அட்டை யாரு அடிக்கிறது?”

“அட்டையெல்லாம் இல்ல சார். ஆன்லைன்ல மட்டும்தான்.”

“டிக்கெட்டு?”

“அதுவும் போன்லயேதான் சார்.”

அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசிக்கிறார். மருமகன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான்.

“சரி, காலண்டர் போடுவோம். அஞ்சு பேருதான இருக்கீங்க, ஆளுக்கு ரெண்டு மாசம், மிச்சம் ரெண்டு மாசத்துக்குக் குரூப் போட்டோ. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் இறங்கணும். அதுக்கு முன்னாடி படம் அனுப்பி வச்சிருங்க தம்பி. மூக்கு ஒண்ணாத் தெரியுறதுக்கு நான் பொறுப்பு.”